மேசையில் ஆஸ்டர்லிட்ஸ்: நான்கு வருட அனுபவம்

நெப்போலியன் ரஷ்ய, ஆஸ்திரியக் கூட்டணியை வென்ற ஆஸ்டர்லிட்ஸ் போருக்கு நானே ஒரு வார்கேம் சினாரியோ (பொம்மைப் படைகளால் மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கான களமும் விதிகளும்) எழுதி, பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்து, மேசையில் இறக்கி நான்கு வருடம் ஆகிறது. இதுவரை 10 ஆட்டம் முடிந்திருக்கிறது.

அளவு விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. பொம்மைகள் 6 மி.மீ., தரையில் 50 மீட்டர் என்பது மேசையில் 1 செ.மீ. வடக்கே சான்டன் குன்றிலிருந்து தெற்கே டெல்னிட்ஸ் கிராமம் வரை சுமார் 10 கி.மீ. களம் 2 மீட்டரில் அடங்கிவிடும். ஒரு சுற்று என்பது போரில் அரை மணி நேரம்.

சிக்கல் வேறு இடத்தில். 1805 டிசம்பர் 2 அன்று நெப்போலியன் தெற்கே இருந்த தன் வலப்பக்கத்தை வேண்டுமென்றே மெலிதாக விட்டிருந்தார். அதை உடைத்து வியன்னா சாலையை மறிக்க ஆஸ்திரியத் தளபதி வைரோட்டர் திட்டம் போட, ரஷ்ய, ஆஸ்திரியப் படைகள் களத்தின் நடுவிலிருந்த பிராட்சன் மேட்டை விட்டுத் தெற்கே இறங்கின. மூடுபனிக்குள் காத்திருந்த பிரெஞ்சுத் தளபதி சூல்ட்டின் படை மேடேறி நடுவைப் பிளந்தது. ஆட வருகிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தவர் ஏன் இறங்குவார்? முதல் ஆட்டத்தில் கூட்டணிக்கு ஆடிய நண்பர் மேட்டைவிட்டு அசையவே இல்லை. ஆறு மணி நேரம் வீண்.

அடுத்து, முதல் நான்கு சுற்றுகள் வைரோட்டர் திட்டப்படியே நகர வேண்டும் என்று விதி வைத்தேன். போர் வரலாற்றுப்படி நடந்தது. ஆனால் அந்த நண்பருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, பொம்மையை எடுத்து வைக்கும் வேலை மட்டும்தான். இரண்டு ஆட்டத்தோடு அதைக் கைவிட்டேன்.

வழி வரலாற்றிலேயே இருந்தது. அன்று காலை கூட்டணியின் தலைமைத் தளபதியான ரஷ்யர் குதுசோவ் நான்காவது அணியை மேட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார். 27 வயது ரஷ்யப் பேரரசர் ஜார் அலெக்சாண்டர் நேரில் வந்து வற்புறுத்திய பிறகே கிளம்பச் சொன்னார். எனவே கூட்டணியை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தேன். வியன்னா சாலையைப் பிடித்தால்தான் ஜாருக்கு வெற்றி, படை சிதறாமல் மீண்டால்தான் குதுசோவுக்கு. ஜாரின் சொல்லே இறுதி. இருவரும் பேசக்கூடாது, எழுத்தில்தான் உத்தரவு. அதன்பின் ஆடிய ஏழு ஆட்டங்களில் ஐந்தில் மேடு தானாகக் காலியானது!

உத்தரவைச் சுமக்கும் குதிரைவீரன் சுற்றுக்கு 80 செ.மீ. போவான். இறங்கிய அணியைத் திரும்ப அழைக்க நினைக்கும்போது அவன் பாதி வழியில் இருப்பான், பிரெஞ்சுக்காரர்கள் மேட்டில் இருப்பார்கள். மேசையைச் சுற்றி அப்போது எழும் பதைப்புக்காகவே இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடுவேன்.

மூடுபனிக்குப் பஞ்சு வைத்துப் பார்த்தேன். அழகுதான், ஆனால் துப்பாக்கி முனைகளில் சிக்குகிறது. இப்போது மறைந்திருக்கும் படைகளுக்குப் பதிலாக எண் போட்ட அட்டைகள், அவற்றில் பாதி படையே இல்லாத வெற்று அட்டைகள். தப்பியோடும் கூட்டணி வீரர்களின் காலடியில் குளத்துப் பனிக்கட்டி உடையும் விதியையும் எடுத்துவிட்டேன். 20,000 பேர் மூழ்கியதாக நெப்போலியனின் அறிக்கை சொன்னது. பின்னர் குளங்களை வடித்தபோது கிடைத்த உடல்கள் மிகச் சில.

இன்னும் சரிவராதது, அந்த மெலிந்த வலப்பக்கத்துக்கு உதவ வரும் பிரெஞ்சுத் தளபதி டாவூவின் வருகை. அவருடைய ஃப்ரியான் டிவிஷன் வியன்னா பக்கமிருந்து ஏறத்தாழ 110 கி.மீ. தூரத்தை இரண்டே நாளில் நடந்து வந்தது. நேரத்தை முன்கூட்டியே குறித்தால் பிரெஞ்சு ஆட்டக்காரருக்குப் பயமே இல்லை. பகடைக்கு விட்டால், இரண்டு சுற்று தாமதமானாலே சோகோல்னிட்ஸ் கிராமம் விழுந்து தெற்கில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. அடுத்த முறை, வரும் நேரம் எழுதிய ஐந்து சீட்டில் ஒன்றை நடுவர் மட்டும் உருவிப் பார்த்து வைத்துக்கொள்ளப் போகிறார்.