ரோபோ கைக்கு ஸ்பிண்டில் பொருத்தப் போய் 2,85,000 ரூபாய் போனது: முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

கோவையில் வார்ப்பட ஆலைகளுக்குத் தெர்மோகோல் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி வடிவம்) செய்து கொடுக்கும் சிறு பட்டறை என்னுடையது. என்னிடம் இருந்த பழைய ஆறு அச்சு ரோபோவில் மில்லிங் ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) பொருத்தித் தருவதாகச் சொன்ன ஒருவருக்கு 2,85,000 ரூபாய் கொடுத்தேன். பழைய இயந்திரங்கள் விற்கும் இணையச் சந்தை ஒன்றில்தான் அவரைப் பிடித்தேன். சென்ற வியாழக்கிழமை, முதல் ஓட்டத்திலேயே ஸ்பிண்டில் எரிந்துவிட்டது.

நான் நம்பியது ஒரு டயல் கேஜின், அதாவது சுழலும்போது வரும் நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவியின், முள்ளை. வீடியோ அழைப்பில், ஸ்பிண்டில் மூக்கின் உட்கூம்பில் கேஜை வைத்து அவர் கையால் மெல்லச் சுற்றிக் காட்டியபோது முள் அரைக் கோடுகூட நகரவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. அன்று மாலையே முழுத் தொகையையும் அவருடைய கணக்குக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன்.

என் ரோபோவின் ஃபிளேஞ்சில் (கருவியைப் பூட்டும் கை நுனித் தட்டு) 125 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு எம்10 துளைகள் உள்ளன. ஸ்பிண்டிலை அதில் பூட்ட வந்த அடாப்டர் பிளேட் அதற்குச் சேரவில்லை. பொருத்த வந்த டெக்னீஷியன் என் கண் முன்னாலேயே வட்ட அரத்தை எடுத்துத் துளைகளை நீள்வட்டமாக ராவினார்; பிளேட்டை இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின்னுக்குத் துளையே இல்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடும் அந்த மோட்டாருக்கு 400 ஹெர்ட்ஸில்தான் முழு மின்னழுத்தம் போக வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவில் அடிப்படை அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலேயே விட்டிருந்ததால், அந்தக் குறைந்த அதிர்வெண்ணிலேயே முழு மின்னழுத்தம் ஏறி, சில நிமிடங்களில் வைண்டிங் (கம்பிச் சுருள்) கருகிவிட்டது.

விற்றவரைக் கேட்டால், உங்கள் ஊர் மின்சாரம் சரியில்லை என்றார். மறுநாள், ரோபோ கை வளைந்து கொடுப்பதால் வெட்டுச் சுமை ஏறிவிட்டது என்றார். ரோபோ கைக்கு சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு) இயந்திரத்தின் விறைப்பு கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஸ்பிண்டில் எதையும் வெட்டவில்லை, காலெட்டில் (கட்டரைப் பிடிக்கும் கவ்வி) கட்டரே மாட்டாமல் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அதன் பிறகு டெக்னீஷியன் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். இப்போது என் எண்ணையே எடுப்பதில்லை. பணம் எங்கள் வழியாக வரவில்லை, எனவே பொறுப்பில்லை என்று சந்தைக்காரர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 2,85,000 ரூபாய், பட்டறையின் மூன்று மாத வருமானம்.

வாங்க இருப்பவர்கள் பிளேட்டின் வரைபடத்தை முதலில் கேட்டு வாங்கி, உங்கள் ஃபிளேஞ்சோடு ஒப்பிடுங்கள். ஸ்பிண்டிலின் எடையோடு, அதன் எடை மையம் ஃபிளேஞ்சிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்றும் கேளுங்கள். கையால் சுற்றிக் காட்டுவதை நம்பாமல், முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகத் தராதீர்கள். அந்த விளம்பரம் இன்று காலையும் அங்கேயே இருக்கிறது, அதே டயல் கேஜ் படத்துடன்.