வெரிகோசீலுக்கு சப்போர்ட்டர்: எதை வாங்கலாம், எப்படிப் போட வேண்டும்

காலையில் ஒன்றும் இருக்காது. நின்று வேலை பார்க்கப் பார்க்க, மாலைக்குள் இடது விதை கனத்துக் கீழே இழுக்கும். படுத்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். விதைப்பைக்குள் சிரைகள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீலில் வலியின் வழக்கமான போக்கு இது. ஆபரேஷன் தேவைப்படாத பலருக்கும் டாக்டர் சொல்வது, "சப்போர்ட்டர் போடுங்கள்" என்ற ஒரே வரிதான். விதைப்பையைத் தூக்கிப் பிடிக்கும் உள்ளாடைதான் அது. எந்த வகை, என்ன அளவு, எப்படிப் போடுவது என்பதை யாரும் விளக்குவதில்லை. தப்பான அளவில் வாங்கி, வலி கூடிப்போய், அலமாரியில் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம்.

முதலில் இதனால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விதையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளின் வால்வுகள் சரியாக மூடாததால், நிற்கும்போது ரத்தம் கீழே இறங்கித் தேங்குகிறது. இடப்பக்கச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்வது. அதனால்தான் பெரும்பாலானோருக்கு இடப்பக்கத்தில் வருகிறது. சப்போர்ட்டர் விதையைத் தூக்கிப் பிடித்து, அதை மேலிருந்து தாங்கும் நாண் போன்ற பகுதியின் இழுவையைக் குறைக்கிறது. அவ்வளவுதான். புடைத்த சிரையை அது சுருக்காது, விந்தணு எண்ணிக்கையை உயர்த்தாது. "வெரிகோசீலைக் குணப்படுத்தும் உள்ளாடை" என்று அட்டையில் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். வலிக்காக மட்டும் வாங்குங்கள். அந்த ஒரு வேலையை நல்ல சப்போர்ட்டர் நன்றாகவே செய்யும்.

கிடைப்பவற்றில் முதலிடம் சஸ்பென்சரி வகைக்குத்தான். இடுப்புப் பட்டை, அதில் தொங்கும் வலைத்துணிப் பை, ஆணுறுப்பு வெளியே வர முன்பக்கம் ஒரு துளை. விதைப்பையை மட்டும் தாங்குவதால் சூடு அதிகம் தேங்காது, மேலே வழக்கமான ஜட்டியைப் போட்டுக்கொள்ளலாம். விதைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூட்டில் இருக்க வேண்டியவை என்பதால் இது சின்ன விஷயமல்ல. தொடைப்பட்டை இல்லாத மாடலில், உட்கார்ந்து எழுந்தால் பை முன்னால் நழுவும். தொடைப்பட்டை உள்ளதில் கவட்டை மடிப்பில் உரசும். நாள் முழுக்க நிற்பவர்கள் தொடைப்பட்டை உள்ளதையும், உட்கார்ந்தே இருப்பவர்கள் இல்லாததையும் எடுக்கலாம்.

விளையாட்டு வீரர்கள் அணியும் ஜாக்ஸ்ட்ராப்பில் பட்டை அகலம், பிடிப்பும் அதிகம். ஓட்டத்துக்கும் எடை தூக்குவதற்கும் சரி. ஆனால் அது எல்லாவற்றையும் உடம்போடு சேர்த்து அழுத்தும். பயிற்சி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். உள்ளே பை தைத்த பிரீஃப் மூன்றாவது வகை. புடைப்பு கண்ணுக்குத் தெரியாமல், தொட்டால் மட்டும் தட்டுப்படும் முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஒரே குறை, எலாஸ்டிக் தளர்ந்ததும் அது வெறும் ஜட்டியாகிவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது அளவில்தான். "இறுக்கமாக இருந்தால் நன்றாகத் தாங்கும்" என்று ஒரு சைஸ் குறைத்து வாங்குகிறார்கள். சப்போர்ட்டர் தூக்க வேண்டும், நெரிக்கக் கூடாது. பேன்ட் சைஸைச் சொல்லி வாங்காமல், பட்டை உட்காரும் இடத்தில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் பெரியதே நல்லது. பல அட்டைகளில் இடுப்பளவு மட்டும்தான் இருக்கும், பையின் கொள்ளளவு இருக்காது. சிரைப் புடைப்பு கண்ணுக்கே தெரியும் மூன்றாம் கிரேடு என்றால் இது முக்கியம்: பை சிறியதாக இருந்தால் புடைத்த சிரைகள் ஓரத்தில் பிதுங்கி, தையல் அவற்றின் மேலேயே அழுத்தும். கழற்றும்போது தோலில் சிவப்புக் கோடு தெரிந்தால் பை போதவில்லை என்று அர்த்தம்.

போடும் முறையிலும் பாதி பலன் இருக்கிறது. காலையில் எழுந்து நடமாடுவதற்கு முன், படுத்தபடியே போடுவதுதான் சரி. இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை வைத்துச் சில நிமிடம் படுத்திருந்தால் சிரைகள் வடிந்துவிடும். பட்டையை மாட்டி, இரண்டு விதைகளையும் கையால் சேர்த்துப் பைக்குள் விட்டு, முன்பக்கமாகத் தூக்கி, பிறகு பட்டையைச் சரிசெய்யுங்கள். எழுந்து நின்று இருமுங்கள், குந்துங்கள், உட்காருங்கள். பை நழுவக் கூடாது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நின்று நின்று சிரை நிரம்பிய பிறகு மாட்டினால், தேங்கிய ரத்தத்தோடு சேர்த்துக் கட்டியதாகிவிடும், கனம் குறையாது.

முதல் சில நாட்கள் ஓரிரு மணி நேரம் போட்டுப் பழகி, மெல்ல நேரத்தைக் கூட்டலாம். இரவில் வேண்டாம். வியர்வையில் ஊறிய சப்போர்ட்டர்தான் கவட்டையில் படர்தாமரையை வரவழைக்கிறது. ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். வலிக்கு என்று தைலம் எதையும் விதைப்பையில் தடவாதீர்கள், அங்கே தோல் மிக மெல்லியது, எரிந்துவிடும்.

சப்போர்ட்டரை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாத நிலைகளும் உண்டு. வலப்பக்கம் மட்டும் புடைப்பு, படுத்தாலும் வடியாத புடைப்பு, நடுவயதுக்கு மேல் திடீரென வந்த புடைப்பு இருந்தால் வயிற்று ஸ்கேன் தேவைப்படலாம். திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரம் தாண்டினால் விதையையே இழக்க நேரிடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு விந்துப் பரிசோதனை செய்து, யூராலஜிஸ்டிடம் பேச வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகும் சில நாட்களுக்கு சப்போர்ட்டர் போடச் சொல்வது வழக்கம். கட்டுப்போடும் காஸ் துணிக்கும் இடம் வேண்டும் என்பதால், அப்போது பை ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும்.

குறைந்தது இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெந்நீரும் பிளீச்சும் எலாஸ்டிக்கைச் சீக்கிரம் கெடுத்துவிடும். படுத்தபடி சரியாக மாட்டியும், எழுந்தவுடன் பை தொங்குகிறதென்றால் பட்டையை மேலும் இறுக்கிப் பயனில்லை. புதியது வாங்கிவிடுங்கள்.