பெயிண்ட் தடிமன் மீட்டர்: பழைய லேண்ட் ரோவரைச் சுரண்டுவதற்கு முன் வாங்க வேண்டிய கருவி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு மீட்டர். முனையை வண்டியின் உடம்பில் வைத்தால், மேலே எத்தனை மைக்ரான் பெயிண்ட் இருக்கிறது என்று திரையில் எண் வரும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த எண் கையில் இல்லாமல் பழைய வண்டியின் பெயிண்டைப் பற்றி யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பிராண்டு என்று சொல்லப்போவதில்லை. ஏனென்றால், பிராண்டைவிட எந்த வகை என்பதுதான் இதில் முக்கியம். அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சில வண்டிகளில் இது ஒரு எண்கூடக் காட்டாது.

என் வண்டி லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 88 அங்குல வீல்பேஸ், ப்ரான்ஸ் கிரீன் (Bronze Green, வெண்கலப் பச்சை) நிறம். 1971 முதல் 1985 வரை வந்த வகை. வாங்கும்போது பானெட்டின் நடுவில் பச்சை வெளுத்து, அலுமினியம் மெலிதாகத் தெரிந்தது. கதவுக் கைப்பிடியைச் சுற்றிப் பல வருடம் விரல்கள் பட்டுப்பட்டு பெயிண்ட் தேய்ந்திருந்தது. மற்ற இடங்களில் மங்கலான, சுண்ணாம்பு படிந்தது போன்ற பச்சை. பெயிண்டர் அண்ணன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "முழுசா சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிடலாம் சார், அப்பதான் ஒரே ஃபினிஷா வரும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சுரண்டிய பெயிண்டைத் திரும்ப ஒட்ட முடியாது. தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் ஒரு வண்டிக்கு ஒருமுறைதான். அது உண்மையிலேயே தொழிற்சாலைப் பெயிண்டா, இடையில் யாரோ அடித்ததா என்று தெரியாமல் சுரண்டவும் எனக்கு மனம் வரவில்லை; காப்பாற்றுவதிலும் அர்த்தம் இல்லை. அதற்குத்தான் மீட்டர்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று காந்தத் தூண்டலில் வேலை செய்வது. இரும்புத் தகட்டின் மேல் மட்டும் அளக்கும். இன்னொன்று சுழல் மின்னோட்டத்தில் வேலை செய்வது. அலுமினியம், செம்பு போன்ற காந்தம் ஒட்டாத உலோகங்களுக்கு அதுதான் வேண்டும். விலை குறைந்த பல மீட்டர்கள் முதல் வகை மட்டுமே. அதை லேண்ட் ரோவரின் பானெட்டில் வைத்தால் பயனில்லை, ஏனென்றால் பானெட் அலுமினியம். 1948இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானபோது பிரிட்டனில் இரும்புக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் உடம்பை பிர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். சீரிஸ் 3 வரை அந்தப் பழக்கம் தொடர்ந்தது. அதே சமயம் சேசிஸ், பல்க்ஹெட் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு), கண்ணாடிச் சட்டம், ரேடியேட்டர் முன் பலகை, கதவின் உள்சட்டம் எல்லாம் இரும்பு. ஆக ஒரே வண்டியில் இரண்டு உலோகமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டையும் அளக்கும் மீட்டர் இல்லாமல் இந்த வண்டியில் எதுவும் செய்ய முடியாது.

நான் வாங்கியது எந்த உலோகம் என்று தானே கண்டுபிடித்து மாறிக்கொள்ளும் மாடல். பெட்டியில் ஒரு இரும்புத் தகடு, ஒரு அலுமினியத் தகடு, தடிமன் அச்சிட்ட சில பிளாஸ்டிக் தாள்கள் வந்தன. வெறும் தகட்டில் வைத்து பூஜ்யம் செய்ய வேண்டும். அப்புறம் தாளை வைத்து எண் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இதைச் செய்வது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் செய்யுங்கள். வண்டியிலேயே பெயிண்ட் இல்லாத அதே உலோகம் கிடைத்தால் அதில் பூஜ்யம் செய்வது இன்னும் நல்லது, ஏனென்றால் கலவை மாறினால் அளவும் கொஞ்சம் மாறும். என் வண்டியில் சீட் பெட்டிக்கு அடியில் வெறும் அலுமினியம் கிடைத்தது.

இனி அளந்த கதை. இடது முன் விங்கில் (முன் சக்கரத்தை மூடும் பலகை) 95 முதல் 130 வரை. பானெட்டில் ஓரங்களில் 110, நடுவில் 40க்கும் கீழே. கூரையில் 120 சொச்சம். பழைய வண்டிகளில் பெயிண்ட் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. அதனால் இந்த ஏற்றத்தாழ்வே எனக்கு நம்பிக்கை தந்தது. பொதுவாக 80லிருந்து 180 வரை வந்தால் ஒரே ஒருமுறை அடித்த பெயிண்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். 250, 300 என்றால் மேலே இன்னொரு சுற்று ஏறியிருக்கிறது. 600, 800 என்று எகிறினால் அது பட்டி, அதாவது நெளிவை நிரப்பி மறைக்கப் பூசும் பசை. வலது பின்பக்கப் பலகையில் ஒரு கை அகலத்துக்கு 900 தாண்டியது. வெளியே பார்த்தால் அந்தப் பலகைதான் வண்டியிலேயே வழவழவென்று அழகாக இருந்தது! கண் ஏமாந்த இடத்தில் மீட்டர் ஏமாறவில்லை.

விசித்திரமான எண் வந்தது கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலையில். சுற்றிலும் 140, மூலையில் மட்டும் 320. பட்டி போலத் தோன்றவில்லை. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியதும் உள்ளே துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. துரு இரும்பைப் போலக் காந்தத்துக்கு இணங்காது. அதனால் மீட்டர் துருவையும் பெயிண்டோடு சேர்த்துத் தடிமனாகக் கணக்கிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பல்க்ஹெட் முழுவதையும், குறிப்பாகக் கால் வைக்கும் பள்ளங்களையும் கதவுத் தூண்களின் அடியையும், விரல்கடைக்கு ஒரு புள்ளியாக அளந்தேன். எங்கே வெல்டிங் வேண்டும் என்ற வரைபடமே கிடைத்துவிட்டது. பெயிண்டுக்காக வாங்கிய கருவி டிங்கரிங் வேலைக்கும் வழி சொன்னது எனக்கு மிகப் பெரிய லாபம்.

உடம்பின் மேல் விளிம்புகளில் வரும் சாம்பல் நிறப் பட்டைகள் துத்தநாகம் பூசிய இரும்பு. அதில் பெயிண்டே இல்லாத இடத்திலும் மீட்டர் 70, 80 என்று காட்டும். பயப்பட வேண்டாம், அது துத்தநாகத்தின் தடிமன். அதன்மேல் யாராவது பெயிண்ட் அடித்திருந்தால் இரண்டும் சேர்ந்த எண்தான் வரும். தானே மாறும் மாடல்கள் இந்த இடத்தில் சில சமயம் தடுமாறி, துத்தநாகத்தையே அடி உலோகமாக எடுத்துக்கொண்டு குறைந்த எண்ணைக் காட்டுகின்றன. அளவை முறையைக் கையால் மாற்றும் வசதி இருக்கும் மாடலை நான் பரிந்துரைக்க இதுவே காரணம். என்னுடையதில் அந்த வசதி இல்லை. அது எனக்கு உண்மையான குறை.

இன்னும் சில குறைகள். முனையைச் சாய்த்து வைத்தால் எண் கூடிவிடும். ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் அளக்க வேண்டும். குண்டான வளைவுகளிலும் ரிவெட் தலைகளுக்கு அருகிலும் வரும் எண்ணை நம்பக் கூடாது. பேட்டரி இறங்கும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எண்கள் அலைய ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முறை வைத்துச் சராசரி எடுப்பதே என் வழக்கம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரம்பு, மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், எத்தனை அடுக்கு என்று சொல்லாது. வலது கதவில் 260 வந்தது. வெளியே அதே பச்சை, அதே மங்கல். கதவின் உள்பக்க விளிம்பில், கதவைச் சாத்தினால் தெரியாத இடத்தில், காசளவுக்கு வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்தேன். மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொன்றாகத் தெரிந்தன: பச்சை, சாம்பல் பிரைமர், நீலம், மறுபடி பிரைமர், கடைசியில் அலுமினியம். வேறு ஏதோ ஒரு நீல வண்டியின் கதவு இது. எண்ணும் இந்த வளையமும் சேர்ந்தால்தான் முழுக் கதை கிடைக்கும். தேய்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பழைய பெயிண்டிலும் பிரைமரிலும் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், கழுவிய தண்ணீரைச் செடிகளில் ஊற்றாதீர்கள்.

மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் 'முழுவதும் வைப்பதா, முழுவதும் சுரண்டுவதா' என்ற ஒரே கேள்வியில் சிக்கியிருப்பேன். எண்களை சாக்பீஸால் அந்தந்தப் பலகையிலேயே எழுதி வைத்தபின் கேள்வி பல துண்டாக உடைந்தது. விங்குகள், பானெட், கூரை, இடது கதவு: தொழிற்சாலைப் பெயிண்ட், அப்படியே இருக்கட்டும். அலுமினியம் துருப்பிடிக்காது. பெயிண்ட் தேய்ந்த இடத்தில் அது தன்மேல் ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். ஆகவே இங்கே பழைய பெயிண்டை வைப்பதால் வண்டி கெடாது. பல்க்ஹெட், கண்ணாடிச் சட்டம், சேசிஸ்: இரும்பு. இங்கே பழமைக்கு இடமே இல்லை. வெறும் உலோகம் வரை இறங்கி, வெல்டிங் செய்து, எபாக்சி பிரைமர் அடித்து, புது பெயிண்ட் போட்டோம். துருவை அழகு என்று கொண்டாடுவதை நான் ஏற்கவில்லை. துரு என்பது உலோகம் குறைவது.

அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்கள் தனி விஷயம். ஈரம் சேர்ந்தால் அங்கே அலுமினியம் அரித்து, பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாகப் புடைக்கும். கதவின் அடி விளிம்பில் அந்தப் புடைப்பு இருந்த இடங்களை மட்டும் திறந்து, பொடியை எடுத்து, இடையில் சீலண்ட் வைத்து மூடினேன். பட்டி இருந்த பின்பலகையைச் சுரண்டித் தகட்டைத் தட்டி எடுத்து, அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் போட்டு, சுற்றியுள்ள மங்கிய பச்சைக்கே நிறம் கலந்து அடித்தோம். காஸ்டிக் சோடா கலந்த பெயிண்ட் ரிமூவரை அலுமினியத்தில் படவே விடக் கூடாது, உலோகத்தையே தின்றுவிடும். பெயிண்டர் அண்ணனிடம் சாக்பீஸ் எண்களைக் காட்டி விளக்கியதும் அவரே ஆர்வமாகிவிட்டார். "இதை முன்னாடியே வாங்கியிருக்கணும் சார்" என்றார். பின்பலகைக்கு நிறம் கலந்ததில் அவர் காட்டிய பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வைத்துக்கொண்ட பெயிண்டை மெருகேற்றும்போதும் மீட்டர் பக்கத்திலேயே இருந்தது. இது கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லாத பெயிண்ட். துணியால் தேய்த்தால் துணி பச்சையாகும். அதாவது நிறமே கழன்று வருகிறது. எனவே பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் காம்பவுண்டை முதலில் தொடவில்லை. மெக்வயர்ஸ் நம்பர் 7 கிளேஸைத் தடிமனாகத் தடவி இரவு முழுக்க ஊறவிட்டு மறுநாள் துடைத்தேன். எண்ணெய்ப்பசை உள்ள அந்தக் கிளேஸ் காய்ந்த பழைய பெயிண்டுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. மங்கலுக்கு அடியில் இருந்த ஆழமான பச்சை மேலே வந்தது. அதற்குப் பிறகுதான் மென்மையான பாலிஷ், கடைசியில் மெழுகு. கிளேஸ் பெயிண்டைக் காக்காது, மெழுகு கட்டாயம் வேண்டும். பாலிஷுக்கு முன் விங்கில் 118 இருந்த இடம், பிறகு சராசரியில் 114. நான்கு மைக்ரான் என்பது மீட்டரின் பிழைக்குள்ளேயே வரக்கூடியது, அதனால் அதை வைத்துப் பெரிதாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் பானெட்டின் நடுவில், 40க்குக் கீழே இருந்த இடத்தில், மெஷினைக் கொண்டுபோகாமல் கையால் மட்டும் மெழுகு போட்டது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

தேய்ந்த பெயிண்டின் மேல் கிளியர் அடித்து 'உறைய வைக்கும்' பழக்கம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறும் அலுமினியத்தில் அது சரியாகப் பிடிக்காமல் ஓரத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு திரும்பிப் போகவும் வழி இல்லை.

பழைய பெயிண்டைக் காப்பது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1948 ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குப் போன வண்டிகளில் ஒன்றைக் கண்டெடுத்து 2018இல் லேண்ட் ரோவர் நிறுவனமே புதுப்பிக்க எடுத்தபோது, அதன் பழைய வெளிர்பச்சைப் பெயிண்டைச் சுரண்டாமல் காக்க முடிவு செய்தது. புதிதாக அடிப்பதைவிட அதிக உழைப்பு கேட்கும் முடிவு அது.

நீல வண்டியிலிருந்து வந்த கதவை என்ன செய்தேன் என்றால், பச்சையாகவே விட்டுவிட்டேன். யாரோ ஒருவர் அதைக் கவனமாகத்தான் அடித்திருக்கிறார். 260 மைக்ரானும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யார் வாங்கலாம்? லேண்ட் ரோவர் போல அலுமினிய உடம்பு என்றால் இரு உலோகமும் அளக்கும், முறையைக் கையால் மாற்றக்கூடிய மாடல். டொயோட்டா எஃப்ஜே 40 போல இரும்பு உடம்பு என்றால் இரும்புக்கு மட்டுமான சாதாரண மாடலே தாராளம். மிச்சப் பணத்தைத் துரு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் கூரைக்கு இரண்டுமே உதவாது. முடிந்தால் வண்டி வாங்கப் போகும்போதே மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பட்டி இருக்கும் பலகை விலை பேசும்போதே தெரிந்துவிடும்.