உதகையில் ஒரு தனியார் மருத்துவமனை: ஆஸ்துமாவுக்கான அவசரப் பிரிவு

உறைபனி இறங்கிய ஒரு தை மாத இரவில், கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்த என் அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றி, இரண்டு சொற்களுக்கு மேல் சேர்த்துப் பேச முடியாமல் போனதால், வீட்டுக்கு அருகிலுள்ள இந்த மருத்துவமனைக்கு விரைந்தோம்.

அவசரப் பிரிவின் வேலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பதிவுச் சீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, செவிலியர் முதலில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க முயன்றார். விரல் சில்லிட்டிருந்ததால் கருவியில் எண் விழவில்லை. அம்மாவின் விரலைத் தம் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு 88 சதவீதம் என்று காட்டியது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊரில் நலமாக இருப்பவர்களுக்கே இந்த அளவு சற்றுக் குறைவாக இருக்கும் என்றாலும், 88 என்பது பொறுத்திருக்கக்கூடிய எண் அன்று. உடனே ஆக்சிஜன் வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளான சால்பியூட்டமாலையும் இப்ராட்ரோப்பியத்தையும், மருந்தை மென்புகையாக்கித் தரும் நெபுலைசரில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை என மூன்று தடவை கொடுத்தார்கள். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த வகை மருந்தான பிரெட்னிசோலோன் மாத்திரையை அதற்குள்ளாகவே விழுங்க வைத்தார்கள்.

மூச்சு வெளியேறும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் அலமாரியில் இருந்தது, ஆனால் அதில் பொருத்தும் ஊதுகுழல் தீர்ந்துவிட்டதாம். ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பினால் ஏமாறலாம்: மூச்சுக்குழாய் மிகவும் சுருங்கி, காற்றே போகாத நிலையிலும் வீசிங் என்னும் விசில் போன்ற சத்தம் கேட்காது.

என் பெரிய மனக்குறை டிஸ்சார்ஜ் பற்றியது. ஐந்து நாள் மாத்திரையும், மூச்சிரைப்பை உடனே தணிக்கும் நீல நிற இன்ஹேலரும் எழுதிக் கொடுத்தார்களே தவிர, அதை எப்படி இழுப்பீர்கள் என்று ஒருவரும் அம்மாவைக் கேட்கவில்லை. வீட்டில் பார்த்தால், மூச்சை இழுத்து முடித்த பிறகுதான் அவர் அழுத்துகிறார்; மருந்தில் பாதி மூக்கு வழியாகப் புகையாக வெளியே வருகிறது. மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் சீட்டிலேயே இல்லை. நீல இன்ஹேலரை மட்டும் நம்பிச் சிகிச்சை செய்யக் கூடாது என்று ஜினா என்னும் பன்னாட்டு வழிகாட்டுதல் 2019 முதலே சொல்லி வருகிறது.

இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கட்டிலுக்கு வந்து சேர்ந்தோம். இம்முறை பணியிலிருந்த இளம் மருத்துவர் இன்ஹேலரில் ஸ்பேசர் என்னும் மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் குழலைப் பொருத்தி, அம்மாவையே இழுத்துக் காட்டச் சொல்லித் திருத்தினார். விடுபட்ட இன்ஹேலரைச் சேர்த்தார். எந்த அறிகுறி வந்தால் எத்தனை முறை இழுப்பது, எப்போது கிளம்பி வந்துவிட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, ஒரு வாரத்தில் வரச் சொன்னார். மொத்தமே பத்து நிமிடம்தான். சொன்னபடி போய் வந்தோம். ஊதுகுழல் மட்டும் அன்றும் வந்திருக்கவில்லை.