கதவுக்குப் பின்னால் ஒரு பை: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்களுடையது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், மூன்று அறை வீடு, ஆள் ஐந்து பேர். நான் கூலிமில் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். கெடாவில் பிள்ளைகளுக்கு வெள்ளி சனி விடுமுறை, என் ஷிப்டுக்கு அந்தக் கணக்கு இல்லை. இப்படி ஓடுகிற வீட்டில், வேண்டாத சாமானைக் கழிக்க எல்லாத் துணியையும் கட்டிலில் குவித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார் என்று சொல்கிற முறையெல்லாம் ஒத்து வராது, குவித்ததை ராத்திரி படுப்பதற்குள் யார் மடித்து வைப்பது? தீபாவளிக்கு முன் செய்கிற பெரிய சுத்தமும் எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. சாயம் பூசச் சாமானை அறைக்கு அறை மாற்றுவதோடு சரி, எதுவும் வாசலைத் தாண்டுவதில்லை.

நிலைத்தது இதுதான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய பை. சோறு வேகிற நேரத்தில் ஒரு இழுப்பறை, இல்லாவிட்டால் அலமாரியில் ஒரு தட்டு, அதற்கு மேல் தொடுவதில்லை. மூடி இல்லாத டப்பா, எந்தப் போனுக்கும் சேராத சார்ஜர் வயர், காலி மைலோ டின், எல்லாம் பைக்குள். பை கட்டாயம் உள்ளே இருப்பது தெரியாத நிறமாக இருக்க வேண்டும். தெரிந்தால் சின்னவள் உடைந்த பொம்மையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

பிரிப்பதை விட வெளியே அனுப்புவதுதான் கஷ்டம் என்பது என் அனுபவம். மூட்டை கட்டிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தால் அது மறுபடியும் வீட்டுச் சாமான்தான். கெடாவில் 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமான்களும் என்றுதான் குப்பை லோரி ஏற்பாடு. அந்த ஒரு நாளை நம்பித்தான் என் பை ஓடுகிறது, பாதிதான் நிறைந்திருந்தாலும் அன்றைக்கு வாசலுக்குப் போய்விடும். இந்த ஏற்பாடு இல்லாத மாநிலத்தில் இருப்பவர்கள் பழைய பேப்பர் வாங்குகிற லோரி வரும் நாளைப் பிடித்துக்கொள்ளலாம்.

நல்ல துணியை மட்டும் நான் குப்பை லோரிக்கு விடுவதில்லை. ஆரம்பப் பள்ளிச் சீருடை எங்கே போனாலும் அதே வெள்ளைச் சட்டை, கருநீலப் பினாஃபோர், கருநீலக் கால்சட்டை. பள்ளி திறக்கும் முன் துவைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஏதாவது ஒரு வீடு இருக்கும், அந்த நேரத்தில் கொடுத்தால்தான் அவர்களுக்கும் பணம் மிஞ்சும்.

காகிதத்தில் அவசரப்படாதீர்கள். வருமான வரிக் கழிவுக்குக் காட்டிய ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். கடை ரசீது சூட்டில் வெளுத்துவிடும், அதனால் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிட்டு அசலை ஒரே உறையில் போடுகிறேன். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் இருக்கிற கோப்புக்கும் பைக்கும் சம்பந்தமே கிடையாது.

பை வேலை செய்யாத இடம் அத்தையின் சாமான். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீட்டிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, அவர் கொண்டு வந்தது பித்தளைக் குடம், ஆட்டுக்கல், மாமா பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய கத்தி. "இதுல கை வைக்காதம்மா, நான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். சரி என்று ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரியை முழுக்க அவருக்கே விட்டுவிட்டோம். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவரே எடுத்து அடுக்கினார், அடுக்கும்போதே ஓட்டை விழுந்த அண்டாவையும் ஈயம் போன பாத்திரங்களையும் தானாகவே ஒதுக்கினார். அடுத்தவர் பொருளை அவர் இல்லாத நேரத்தில் தூக்கிப் போடுவது எனக்குச் சம்மதமே இல்லை, வீடு எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும்.

வீட்டுக்குப் பின்னால் இருப்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய டயர், சாய வாளி, உடைந்த பூந்தொட்டி எல்லாவற்றிலும் மழைத்தண்ணீர் நிற்கும், ஏழு பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கிடைத்தால் 500 ரிங்கிட் அபராதம் வரலாம், அதைவிடப் பெரியது பிள்ளைக்கு டெங்கி வருவது. வாரா வாரம் எதைத் தொட முடியாவிட்டாலும் பின்கட்டை மட்டும் ஒரு சுற்று பார்த்துவிடுவேன்.

இரவு ஷிப்ட் வாரத்தில் பை அப்படியே தொங்கும், அதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை, அடுத்த வாரம் ஓடும். அப்புறம், மிச்ச மாத்திரை மருந்தைப் பையில் போடாதீர்கள், அரசாங்கக் கிளினிக் மருந்தகக் கவுண்டரில் திருப்பிக் கொடுக்கலாம், மாதாந்திர மருந்து வாங்கப் போகும்போது அத்தைதான் எங்கள் வீட்டு மருந்தையெல்லாம் கொண்டு போய்க் கொடுக்கிறார்.