கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி: பார்க்க ஒரு முற்றம், குடியிருக்க வேறொன்று

ட்ரினிட்டியைப் பற்றி எழுத வருகிறவர்கள் கடிகாரக் கோபுரம், நீரூற்று, புல்வெளி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. கிங்ஸ் ஹால், மைக்கேல்ஹவுஸ் என்ற இரண்டு பழைய கல்லூரிகளைச் சேர்த்து எட்டாம் ஹென்றி 1546-இல் தொடங்கிய இடம் இது. அன்றிலிருந்து இன்றுவரை மாணவர்கள் உண்டு, உறங்கி, படிக்கிற விடுதி. ஆகவே விடுதியாகவே இதை எடைபோடலாம்: குளிர் தாங்குமா, ஈரம் ஏறுமா, தூக்கம் வருமா.

முதலில் அமைப்பு. நம் விடுதிகளில் நீண்ட தாழ்வாரமும் இருபுறமும் வரிசையாக அறைகளும் இருக்கும். இங்கே தாழ்வாரமே கிடையாது. முற்றத்திலிருந்து ஒரு கதவு, உள்ளே ஒரு படிக்கட்டு, ஒவ்வொரு தளத்திலும் ஓரிரு அறைகள், அவ்வளவுதான். படிக்கட்டுக்கு ஓர் ஆங்கில எழுத்து, அறைக்கு ஓர் எண். யார் எந்த அறையில் என்பதைப் படிக்கட்டின் அடியில் பலகையில் எழுதி வைப்பார்கள். சத்தம் குறைவு, அக்கம்பக்கம் எல்லாரும் தெரிந்த முகம் என்பது லாபம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பரைப் பார்க்க மழையில் இறங்கி, வெளியே வந்து, அடுத்த படிக்கட்டில் ஏற வேண்டியிருப்பது நஷ்டம். லிஃப்ட் வைப்பதும் இதனால்தான் சிக்கல்: படிக்கட்டுக்கு ஒன்றாக வைத்தால்தான் எல்லா அறைக்கும் எட்டும். தளத்துக்குப் பொதுவாக இருக்கும் சின்னச் சமையல் மூலைக்குக் 'கிப் ரூம்' என்று பெயர். சாம்பார் வைக்கலாம் என்ற நம்பிக்கையோடு யாரும் போக வேண்டாம். டீயும் டோஸ்டும் போடவே அது பிறந்தது.

கிரேட் கோர்ட் என்ற பெரிய முற்றத்தின் இப்போதைய வடிவம் 1593 முதல் 1615 வரை கல்லூரித் தலைவராக இருந்த தாமஸ் நெவிலின் கைவண்ணம். நடுவில் நின்ற பழைய கட்டடங்களை இடித்தார். கிங்ஸ் ஹாலின் 15-ஆம் நூற்றாண்டு வாயில் கோபுரம் வழியில் நின்றது. அதைப் பிரித்து, வடக்கே தள்ளி, தேவாலயத்தின் மேற்கு முனையில் ஒட்டினார். அதுவே இன்றைய கடிகாரக் கோபுரம். பழையதை விட்டுவைத்துப் புதியதைக் கோத்ததால் முற்றம் சரியான சதுரமும் இல்லை, செவ்வகமும் இல்லை. நான்கு பக்கமும் நான்கு நீளம். நின்று பார்த்தால் தெரியாது. வரைபடத்தில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

நீரூற்று அலங்காரத்துக்காக மட்டும் வந்ததல்ல. 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஊருக்கு மேற்கே இருந்த ஊற்றிலிருந்து பதித்த குழாய்தான் இதற்கு நீர் கொண்டுவந்தது. அதன்மேல் 1601-ஐ ஒட்டிக் கட்டிய மண்டபத்தை 1715-ஐ ஒட்டித் திரும்பக் கட்டினார்கள். ஒரு விடுதியில் முதலில் தீர வேண்டியது தண்ணீர்ப் பிரச்சினை என்பது அந்தக் காலத்தாருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்த முற்றத்தில் அறை கிடைத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்கு முன் கடிகாரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு மணியையும் இருமுறை அடிக்கிறது, ஒரு தடவை தாழ்ந்த குரலில், மறு தடவை உயர்ந்த குரலில். நள்ளிரவு பன்னிரண்டுக்கு இருபத்து நான்கு அடி. புல்லில் கால்வைக்கும் உரிமை கல்லூரியின் ஃபெல்லோக்களுக்குத்தான், அதாவது அதன் மூத்த ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான். ஓரங்களில் கூழாங்கல் பாவியிருப்பதால் சக்கரப் பெட்டியைத் தட்டைக் கல் பாதையிலேயே இழுத்துப் போங்கள்; இல்லையென்றால் சக்கரம் தப்பாது.

கட்டடக் கலைக்காக மட்டும் வருகிறவர்கள் நேராக நெவில்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். கோயில் பிரகாரம்போல வளைவுத் தூண்கள் சுற்றிவரும் முற்றம் அது. வடக்குப் பக்கத் தூண் நடையில் எதிரொலியைக் கணக்கிட்டுத்தான் நியூட்டன் ஒலியின் வேகத்தை அளந்தார். மேற்கில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னின் நூலகம் முற்றத்தை மூடுகிறது; 1676-இல் தொடங்கி 1695-இல் முடிந்தது. இதில் ரென் ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் மேல்தளம் வளைவுகளின் தலைக்கு மேலே தொடங்குவதுபோல் இருக்கும். உண்மையில் தளம் வளைவு கிளம்பும் மட்டத்திலேயே கிடக்கிறது. வளைவின் அரைவட்டத்தைக் கல்லால் அடைத்து அதை மறைத்துவிட்டார். இப்படி இறக்கியதால் ஜன்னலுக்குக் கீழே உயரமான சுவர் மிஞ்சியது. புத்தக அலமாரிகள் முழுக்க அந்தச் சுவரில் அடங்கின. வெளிச்சம் அவற்றுக்கு மேலிருந்து விழுகிறது. ஆற்றங்கரை ஈரம் எட்டாதபடி புத்தகமெல்லாம் மாடியில். ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று பெயர்பெற்ற தாள்களை 1976-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது இந்த நூலகத்தில்தான்.

ராமானுஜன் 1914-இல் வந்தபோது அவருக்குக் கிடைத்தது இந்த அழகெல்லாம் அல்ல. கல்லூரியில் அவருக்கு முதலில் கிடைத்தது தெருவுக்கு எதிர்ப்புறம் உள்ள வ்யூவெல்ஸ் கோர்ட். கோட்டைகளைப் பழுதுபார்ப்பதில் பேரெடுத்த ஆண்டனி சால்வின் 1860-களில் முடித்த கட்டடம். அந்தப் பழக்கம் இதிலும் தெரிகிறது. முற்றம் குறுகல், சுவர் உயரம், குளிர்காலச் சூரியன் தாழ்வாகப் போகும் ஊரில் கீழ்த்தளத்துக்கு வெயில் அபூர்வம். தத்துவவாதி விட்கென்ஸ்டைன் அங்கே கோபுரத்தின் உச்சி அறையைப் பிடித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. ராமானுஜனின் குளிர்க் கதை பலருக்குத் தெரியும்: கட்டிலில் விரிப்புக்கு அடியில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், மேலங்கியும் சால்வையுமாக மேலேயே படுத்திருந்தார், பின்னாளில் புள்ளியியலில் பேரெடுத்த மஹலநோபிஸ்தான் எப்படிப் படுப்பதென்று சொல்லிக்கொடுத்தார். கணப்பு அடுப்பின் சூடு புகைபோக்கி வழியே பெரும்பாலும் ஆகாயத்துக்குப் போய்விடும். அடுப்புக்கு முன்னால் நிற்பவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். இதற்கு அடுத்த கட்டடம்தான் பதில்.

வில்லியம் வில்கின்ஸ் 1820-களில் கட்டிய நியூ கோர்ட்டை யாரும் படம் எடுப்பதில்லை. முற்றத்துப் பக்கம் கல்கூட இல்லை, செங்கல்மேல் பூச்சு. ஆனால் 2010-களில் ஃபிஃப்த் ஸ்டுடியோ என்ற கட்டடக் கலைக் குழு இங்கே செய்த வேலைக்காகவே நான் ட்ரினிட்டியில் முதலிடத்தை இதற்குக் கொடுப்பேன். முதல்தரப் பாதுகாப்பில் உள்ள கட்டடம் என்பதால் வெளிமுகத்தைத் தொட முடியாது. குளிர்காப்பு உள்ளேதான் போட வேண்டும். அங்கேதான் ஆபத்து. உள்ளே காப்பு போட்டதும் பின்னாலுள்ள செங்கல், அறையின் சூடு கிடைக்காமல், முன்னைவிடக் குளிர்ந்துபோகும். குளியலும் மூச்சும் கிளப்பும் நீராவி அந்தக் குளிர்ந்த முகத்தில் நீராகும். சுவருக்குள் புதைந்த உத்திரங்களின் முனை மெல்ல இற்றுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. பிளாஸ்டிக் நுரைப் பலகை ஒட்டினால், சுவரில் சிக்கிய ஈரம் உள்பக்கமாக உலர வழியே இருக்காது. இவர்கள் போட்டது ஈரத்தை வாங்கித் திருப்பிவிடும் மரநார்ப் பலகை, மேலே சுண்ணாம்புப் பூச்சு. சுவருக்குள் உணரிகள் வைத்து ஈரத்தை அளந்து பார்த்தார்கள். இடுக்குகளை அடைத்தால் பூஞ்சணம் வரும் என்பதால், வெளியேறும் காற்றின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் காற்றோட்டக் கருவியும் வைத்தார்கள். பழைய வீட்டுக்குக் குளிர்காப்பு போட நினைக்கும் எவரும் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் இடுக்குகளில் காற்று ஒழுகுவதை நிறுத்து, பிறகு காப்பு, உடனே காற்றோட்டம். கடைசியை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் செய்கிற ஒப்பந்தக்காரர்கள்தான் அதிகம்.

1972-இல் முடிந்த வுல்ஃப்சன் கட்டடம் படிப்படியாக உள்வாங்கும், செங்கல் போர்த்திய மலை. கடைகளுக்கு மேலே ஒளிந்திருப்பதால் தெருவில் நடப்பவருக்குத் தெரியாது, தெரியாததால் நஷ்டமும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடந்தே போகலாம். தேர்வுக் காலத்தில் பார்வையாளரை அனுமதிக்காமல் இருப்பது வழக்கம். வாயிலைக் கவனிக்கும் ஊழியர்களான போர்ட்டர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். உள்ளே போவதற்கு முன் தலைவாயிலை அண்ணாந்து பாருங்கள்: ஹென்றி சிலையின் கையில் செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் கால். அனுமதி கிடைத்தால் கிரேட் கோர்ட்டின் தென்மேற்கு மூலைக்கு அப்பால் உள்ள பிஷப்ஸ் ஹாஸ்டலையும் பார்த்துவிடுங்கள். ஹாக்கெட் என்ற ஆயரின் நன்கொடையில் 1669-71-இல் எழுந்த சிறிய செங்கல் கட்டடம். வ்யூவெல்ஸ் கோர்ட்டுக்குப் பிறகு ராமானுஜன் குடிவந்தது இங்கேதான்.