விளைச்சலை முன்கூட்டி அறிய எது உதவும்? ஒளிப்படம், ரேடார், அறுவடைக் கயிறு: ஆத்தூர் வயல்களிலிருந்து ஓர் ஒப்பீடு

வசிஷ்ட நதிப் பாசனத்தில் நெல்லும், அதை ஒட்டிய மேட்டு நிலங்களில் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற சேலம் மாவட்ட ஆத்தூர் வட்டத்து ஊர் ஒன்றில் பிறந்தவன் நான். சில ஆண்டுகளாக எங்கள் பகுதி உழவர் குழுவுக்காகச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதி வருகிறேன். இந்தப் பருவத்தில் எவ்வளவு விளையும் என்பதை அறுவடைக்கு முன்பே அறிய எந்த வழியை நம்பலாம் என்று குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள். ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள், ரேடார் செயற்கைக்கோள், வயலில் இறங்கிக் கயிறு கட்டி அறுத்து நிறுக்கும் பழைய முறை ஆகிய மூன்றையும் எங்கள் மண்ணில் வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

வானிலிருந்து பயிரை அளக்கும் முயற்சி ஒரு சந்தை அதிர்ச்சியிலிருந்து தொடங்கியது. 1972ஆம் ஆண்டு சோவியத் நாட்டில் விளைச்சல் பொய்த்ததை மற்ற நாடுகள் உணர்வதற்குள் அந்நாடு அமெரிக்காவிடமிருந்து பெருமளவு கோதுமையை வாங்கி முடித்துவிட்டது; உலகச் சந்தையில் விலை ஏறியது. அதே ஆண்டில்தான் நிலத்தைப் படமெடுக்கும் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியிருந்தது. 1974இல் நாசாவும் அமெரிக்க வேளாண் துறையும் கடல்-வளிமண்டல ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ‘லேசி’ என்ற பெரும் பரப்புப் பயிர்க் கணக்கெடுப்பைத் தொடங்கின. பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகளிலாவது மதிப்பீடு உண்மை விளைச்சலுக்குப் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. 1977இல் சோவியத் கோதுமை விளைச்சல் அந்த அரசே எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று அது முன்கூட்டிச் சொன்னது சரியாகவே அமைந்தது. இன்று ஜி-20 நாடுகளின் வேளாண் அமைச்சர்கள் 2011இல் உருவாக்கிய ‘ஜியோகிளாம்’ அமைப்பு, உலகச் சந்தைக்கான மாத அறிக்கையில் கோதுமை, மக்காச்சோளம், நெல், சோயா ஆகிய நான்கு பயிர்களின் நிலையைத் தருகிறது. அந்த நான்கில் எங்கள் மரவள்ளி இல்லை.

ஒளிப்படச் செயற்கைக்கோள்களுக்குள்ளேயே முதலில் ஒரு தேர்வு இருக்கிறது. நாசாவின் மோடிஸ் கருவி நாள்தோறும் படமெடுக்கிறது. ஆனால் அதன் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, பக்கத்துக்கு 250 மீட்டர்; பரப்பில் ஆறேகால் ஹெக்டேர். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை முக்கால் ஹெக்டேர்தான் என்பதால், அந்த ஒரே புள்ளிக்குள் ஏறத்தாழ எட்டுக் குடும்பங்களின் நிலம், கிணற்றுமேடு, தென்னை வரிசை, தார்ச்சாலை எல்லாம் கலந்துவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளோ பத்து மீட்டர் நுணுக்கத்தில், ஒரு புள்ளிக்கு இரண்டரை சென்ட் என்ற அளவில், ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் தருகிறது. இவற்றில் எது மேல் என்று கேட்டால் யாரும் உடனே இரண்டாவதைத்தான் சொல்வார்கள். முன்கணிப்பு என்று வரும்போது அந்த விடை போதாது. பயிரின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதையும் இலை அகச்சிவப்பை எதிரொளிப்பதையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் தாவரக் குறியீடு தனியே ஒன்றும் சொல்லாது. இதே வாரத்தில் கடந்த ஆண்டுகளில் எவ்வளவு இருந்தது, அந்த ஆண்டுகளில் எவ்வளவு விளைந்தது என்ற வரலாற்றோடு வைத்துப் பார்த்தால்தான் அது கணிப்பாகும். மோடிஸிடம் 2000ஆம் ஆண்டிலிருந்து வரலாறு இருக்கிறது. சென்டினல்-2 ஏவப்பட்டதே 2015இல்தான். ஆகையால் உக்ரைன் கோதுமை வயல்களைப் போன்ற பரந்த சமவெளிக்கும், கண்டம் முழுவதற்குமான பஞ்ச எச்சரிக்கைக்கும் பெரிய பிக்சலே இன்னமும் வலுவானது; அரை ஏக்கர் வயலைத் தேடும் நமக்குச் சின்ன பிக்சல் வேண்டும்.

ஆனால் சேலத்தில் ஒளிப்படத்துக்குப் பெரிய இடையூறு மேகம். சம்பா நெல் தூர்கட்டி, தொண்டைக்கதிர்ப் பருவத்துக்கு வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. சென்டினல்-2 காலை பத்தரை மணியளவில் நம் தலைக்கு மேல் கடந்து போகும்போது கல்வராயன் மலையிலிருந்து சேர்வராயன் மலை வரை வெள்ளைப் போர்வை விரித்ததுபோல் இருக்கும். ஒரு பருவத்தில் இரண்டு மாதம் முழுவதும் காத்திருந்து, எங்கள் ஊர் முழுக்கத் தெளிவாகத் தெரிந்த இரண்டே படங்கள்தான் எனக்குக் கிடைத்தன. முழு மேகமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதை ஒதுக்கிவிடலாம். மெல்லிய மேகம்தான் ஏமாற்றுகிறது. அப்படி ஒருமுறை, ஏரிக்கு வடக்கே ஒரு பட்டையாகக் குறியீடு இறங்கியிருந்ததைப் பார்த்து, இலை மஞ்சளடிக்கிறது என்று குழுவுக்குச் சொல்லிவிட்டு நேரில் போனேன். வயல்களில் பயிர் கருகருவென்று நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்தப் பட்டைக்கு வடமேற்கே அதே வடிவில் ஒரு நிழல் விழுந்திருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து ஒற்றைப் படத்தை வைத்து எதையும் சொல்வதில்லை.

ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகமும் இல்லை, இரவும் இல்லை. அது தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. ஐந்தரை சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட சென்டினல்-1 படத்தில் நெல்லை அடையாளம் காண்பது எளிது. சேறடித்து நீர் கட்டிய வயலில் அலை கண்ணாடியில் பட்டதுபோல் எதிர்த்திசையில் விலகிப் போய்விடுவதால் அந்த வயல் கறுப்பாகத் தெரியும். நாற்று வேர்பிடித்துத் தூர் வெடிக்கத் தொடங்கியதும் படிப்படியாக வெளுத்து வரும். முதலில் கறுத்துப் பின்பு வெளுக்கும் இந்தப் போக்கு நம் வட்டாரத்தில் வேறு எந்தப் பயிருக்கும் கிடையாது. எந்த வாரத்தில் நடவு நடந்தது என்பதைக்கூட இதிலிருந்து எடுத்துவிடலாம். கிச்சிலிச் சம்பா நட்டவரும் குறுகிய கால ரகம் நட்டவரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து, இந்தப் படங்களிலிருந்து நெற்பரப்பையும் நடவு நாளையும் எடுத்து, ‘ஒரைசா’ என்ற பயிர் வளர்ச்சி மாதிரியில் கொடுத்து விளைச்சலைக் கணித்திருக்கிறது. நெல்லைப் பொறுத்தவரை என் ஓட்டு ரேடாருக்குத்தான்.

ரேடாரின் குறைகளையும் சொல்ல வேண்டும். நம் பகுதிக்கு அது பெரும்பாலும் 12 நாளுக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது. இரட்டைச் செயற்கைக்கோள்களில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி, மூன்றாவது 2024 டிசம்பரில் ஏவப்படும் வரை உலகம் முழுவதுமே தட்டுப்பாடு இருந்தது. மழையில் நனைந்த மண் பயிரைவிட உரத்துப் பேசும். மேட்டு நிலத்தில் மக்காச்சோளத்தையும் சோளத்தையும் பிரித்துக் காட்ட அது தடுமாறுகிறது. மலைச்சரிவில் நிலைமை இன்னும் மோசம்: ஏற்காட்டின் ரேடாரை நோக்கிய சரிவுகள் சுருங்கி ஒன்றன்மேல் ஒன்று விழ, மறுபுறச் சரிவுகள் நிழலில் மறைந்துவிடுகின்றன. ஏற்காட்டுக் காபி எந்த வகையிலும் வசப்படாது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த நாளிலிருந்து அது மர நிழலில் வளரும் பயிர். இன்று மேலிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் தெரிவது சில்வர் ஓக்கும் அதில் படர்ந்த மிளகும்தான், அடியில் இருக்கும் காபிச் செடி தெரியாது.

மூன்றாவது வழி, பயிர் அறுவடைப் பரிசோதனை. குலுக்கல்போலத் தேர்ந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் முளையடித்துக் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து எழுதுவார்கள். பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் ஊராட்சிக்குக் குறைந்தது நான்கு என்று கணக்கு. கண்ணுக்கு நேரே நெல்லை நிறுப்பதால் இதைவிட நம்பகமானது இல்லை என்று தோன்றும். ஆனால் கயிற்றுக்குள் இருக்கும் 25 சதுர மீட்டரை 400ஆல் பெருக்கித்தான் ஹெக்டேர் விளைச்சல் சொல்கிறார்கள். தராசில் ஒரு கிலோ பிசகினால் ஏட்டில் 400 கிலோ பிசகும். பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கயிறு தளர்ந்தாலே பரப்பு நான்கு விழுக்காடு கூடிவிடுகிறது. கணுக்கால் சேற்றில், அந்தி சாயும் நேரத்தில், அன்றைக்கு மூன்றாவது வயலில் கயிற்றை இழுத்துப் பிடிப்பவருக்கு அந்தப் பத்து சென்டிமீட்டர் கண்ணில் படாமல் போவதில் வியப்பில்லை. அதோடு, முடிவு கிடைக்கும்போது அறுவடை முடிந்துவிடும். இது அளவீடே தவிர முன்கணிப்பு ஆகாது.

காப்பீட்டுத் திட்டம் 2023 காரிப் (மழைக்காலச் சாகுபடி) பருவத்திலிருந்து நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் சார்ந்த தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை கொடுத்து, மீதியைக் கயிற்றளவுக்கு விட்டிருக்கிறது. இந்தக் கலப்பு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் ‘வானிலிருந்து தெரிகிறதே, வயலுக்கு ஏன் போக வேண்டும்’ என்று பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லும் பேச்சு எனக்கு அச்சம் தருகிறது. செயற்கைக்கோள் கணக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதே அந்தக் கயிற்றளவுதான். அதைக் குறைத்தால் இரண்டும் ஒருசேரக் கெடும்.

இது மரவள்ளியில் இன்னும் கூர்மையாகத் தெரியும். எங்கள் பக்கம் கிழங்கை எடையால் மட்டும் வாங்குவதில்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவுச்சத்தைப் பார்த்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுகிறார்கள். மேலிருந்து தெரிவது இலை. விலை போவது மண்ணுக்குள் இருப்பது. சென்ற தை மாதம் படத்தில் ஒரே பச்சையாகத் தெரிந்த இரண்டு காடுகளில் (மேட்டு வயல்களை அப்படித்தான் சொல்வோம்) ஒவ்வொரு செடியைப் பிடுங்கச் சொன்னேன். ஒன்றில் முழங்கை நீளத்தில் ஆறு கிழங்கு வந்தது. மற்றதில் விரல் பருமனில் நாலு வந்தது. அது தழைச்சத்து மிகுந்து இலையாகவே பெருத்த காடு. 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுச் சேலம், நாமக்கல்லுக்குப் பரவிய மாவுப்பூச்சியும் முதலில் குருத்தைத்தான் சுருட்டும். படத்தில் குறியீடு இறங்கும்போது மருந்துக்கான காலம் கடந்திருக்கும். அதற்கு எதிரான ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்து 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். குருத்தில் பூச்சி குறைகிறதா என்பதைச் செடியருகே குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் என்ற இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள், 24 சென்டிமீட்டர் அலையால் இலைக்கூட்டத்தை ஊடுருவித் தண்டையும் மண் ஈரத்தையும் உணரும். மரவள்ளிக்கு இது கொஞ்சம் கைகொடுக்கலாம், கிழங்கைக் காட்டாது. எனவே எங்கள் குழுவில் நெற்பரப்புக்கு ரேடார் படம், மக்காச்சோளத்துக்கு மேகம் விலகும் நாளின் ஒளிப்படம் என்று வைத்துக்கொண்டு, மரவள்ளிக்கு மட்டும் தனிப் பதிவேடு திறந்திருக்கிறோம். இருபது காடுகளில், காட்டுக்கு ஐந்து செடி என, மார்கழியிலும் மாசியிலும் பிடுங்கி, எடையையும் ஆலையில் வந்த பாயிண்டையும் அந்தக் காட்டின் பிக்சல் எண்ணுக்கு எதிரே எழுதுகிறோம். முதல் ஆண்டின் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன.